வீட்டுக் கேக்குக்கு என்ன குறைச்சல்?

என் தகப்பனாருக்குச் சென்ற ஆண்டு எண்பது வயது நிறைந்தது. காலையில் ஹோமம், ஆசீர்வாதம் எல்லாம் ஆயிற்று. மாலையில் உறவினர்கள் வீட்டில் கூடினார்கள். அப்போது நடந்த ஒரு காரியத்தை இங்கே எழுதாவிட்டால் என் மனசு ஆறாது. ஏனென்றால், அந்தக் காரியத்தில் குற்றவாளிகள் மூன்று பேர். மூன்றாவது ஆள் நான்.

என் அக்காள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தாத்தாவுக்குத் தன் கையாலேயே ஒரு சாக்லேட் கேக் செய்து கொடுக்க வேண்டும் என்று ஒரு வாரமாக அவளுக்கு அதே நினைவு. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. பழைய குக்கர் ஒன்றில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடியின் ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வேக வைத்தாள். தாத்தாவுக்காக முட்டை சேர்க்கவில்லை. கேக் நன்றாக எழும்பி வந்தது. ஆனால் நடுவில், வறண்ட ஏரி மாதிரி, குறுக்கே ஒரு வெடிப்பு.

அதைத் தட்டில் எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். என் சித்தப்பா பார்த்தார். "எண்பதாம் பிறந்த நாளும் அதுவுமாகக் கேக்கா? அதான் ஜவ்வரிசிப் பாயசம் இருக்கிறதே! இதெல்லாம் வெள்ளைக்காரன் பண்டம்" என்றார். என் தம்பி பார்த்தான். "ஐயையோ, இதைப் படம் எடுத்துப் போட்டால் நாலு பேர் சிரிப்பான். கடையிலே இரண்டு கிலோவுக்குச் சொல்லியிருக்கேன், இப்ப வந்துவிடும்" என்றான். குழந்தை என்னைப் பார்த்தாள். "அப்புறம் பார்த்துக்கலாம் அம்மா, உள்ளே கொண்டு போய் வை" என்றேன் நான்.

அவள் பதில் பேசாமல் கொண்டு போய்க் கிரைண்டர் பக்கத்தில் வைத்தாள்.

சற்று நேரத்தில் கடைக் கேக் வந்தது. அதன்மேல் என் தகப்பனாரின் புகைப்படத்தையே அச்சடித்திருந்தார்கள். அப்பா தம் முகத்தைத் தாமே கத்தியால் வெட்ட வேண்டியதாயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். வெள்ளைக்காரன் பண்டத்தைக் கண்டித்த சித்தப்பா இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முதலில் சித்தப்பாவுக்கே பதில் சொல்லி விடுகிறேன். அவர் பெரியவர், அவரைப் போல் நினைக்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்.

சாக்லேட் நம்முடையது இல்லையாம். ஜவ்வரிசிப் பாயசம் நம்முடையதாம். நல்லது. அந்த ஜவ்வரிசி எதில் செய்தது? சேலத்துப் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு மாவில். மரவள்ளி எந்த ஊர்ச் செடி? தென் அமெரிக்கச் செடி. பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போட்டோமே முந்திரி, அது எங்கிருந்து வந்தது? பிரேஸிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. கொக்கோ மரத்தின் பிறந்த வீடும் அதே தென் அமெரிக்கக் காடுகள்தாம். மூன்றும் ஒரே சீமைக்காரர்கள்! இவர்களில் இருவருக்குப் பூஜையில் இடம் கொடுத்துவிட்டு மூன்றாமவனை மட்டும் வாசலில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

மிளகாயும் அந்தக் கண்டத்துச் சரக்குத்தான். அது வந்தபோது அதற்கென்று நம்மிடம் பெயர் இல்லை. மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து மிளகாய் என்று வைத்துக்கொண்டோம். இன்றைக்கு மிளகாய் இல்லாத சாம்பாரைச் சித்தப்பாவின் இலையில் பரிமாறிப் பாருங்கள்; தமிழ்ப் பண்பாடே போய்விட்டது என்பார்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்ல வேண்டும். கொக்கோ தமிழ் மண்ணுக்கு நேற்று வந்ததல்ல. 1798ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்பாயினா தீவிலிருந்து கொக்கோவைக் கொண்டு வந்து நம்முடைய குற்றாலத்தில் நட்டுப் பார்த்தார்கள். இந்தியாவில் கொக்கோ முதன்முதலில் வேர் விட்ட இடமே அதுதான் என்று தோட்டக்கலை நூல்கள் சொல்லுகின்றன. இன்றைக்குப் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போனால் தென்னை நிழலில் ஊடுபயிராகக் கொக்கோ மரங்கள் நிற்கின்றன. மரத்தண்டிலேயே காய் ஒட்டிக்கொண்டு தொங்கும்.

போகட்டும், "நாம்" என்று சித்தப்பா சொல்லுகிறாரே, அந்த நாம் யார்? பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கேக் செய்கிறார்கள். அவர்கள் எல்லாம் யாராம்?

உண்மையில் சித்தப்பாவின் ஆட்சேபணை கேக்கின் மேல் இல்லை. இருந்திருந்தால் கடைக் கேக்கில் இரண்டு துண்டு உள்ளே போயிருக்குமா? வீட்டில் செய்த பண்டம் என்ற இளப்பம் ஒன்றுதான் அவரைப் பேச வைத்தது. சம்பிரதாயம் அதற்குப் போர்த்திய சால்வை.

இனி, என் தம்பியின் கட்சி. கடைக் கேக்தான் அழகு, கடைக் கேக்தான் கௌரவம் என்பது அவன் வாதம். அந்த அழகுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாமா?

கொக்கோக் கொட்டையில் சுமார் பாதி கொழுப்பு. அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுத்துவிட்டுப் பொடியைத் தனியே பிரிக்கும் முறைக்கு 1828இல் ஹாலந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தார் உரிமை பெற்றார்கள். இன்று நாம் டப்பாவில் வாங்கும் கொக்கோப் பொடி அந்த வழியில் வந்தது. பிழிந்தெடுத்த கொழுப்புத்தான் சாக்லேட்டின் உயிர். அது மனித உடம்பின் சூட்டுக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 34 டிகிரியில் உருகும். அதனால்தான் நல்ல சாக்லேட் கையில் கெட்டியாக இருந்து நாக்கில் கரைகிறது. விலை அதிகமுள்ளதும் அதுதான்.

விலை அதிகம் என்றால் வியாபாரி சும்மா இருப்பானா? அந்தக் கொழுப்பை நீக்கிவிட்டுப் பனைவிதை எண்ணெய் போன்ற மலிவான கொழுப்பைச் சேர்த்துச் செய்கிற கட்டிக்குக் 'காம்பவுண்ட்' என்று பெயர். நம் ஊர் வெயிலுக்கு அது உருகாது, கடைக்காரருக்கு வசதி. ஆனால் வெயிலுக்கே மசியாத பண்டம் நாக்குக்கு எப்படி மசியும்? மெழுகு மாதிரி மேலண்ணத்தில் அப்பிக்கொள்கிறது. மேலே பூசியிருக்கும் வெண்மையான 'கிரீம்' இருக்கிறதே, பெரும்பாலான கடைகளில் அதற்கும் பசுவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அதுவும் தாவரக் கொழுப்பை நுரைக்க அடித்ததுதான்.

இதெல்லாம் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. நல்ல வெண்ணெயும் அசல் சாக்லேட்டும் போட்டு யோக்கியமாகச் செய்கிற கடைகளும் உண்டு. நான் கேட்பது ஒன்றே ஒன்று. பெயரளவுக்குச் சாக்லேட், பெயரளவுக்குக் கிரீம் என்ற ஒரு பண்டத்தைக் கூடத்தின் நடுவில் வைக்கிறோம். அசல் கொக்கோவும் சர்க்கரையும் வீட்டுத் தயிரும் சேர்ந்த பண்டத்தைக் கிரைண்டர் பக்கத்தில் ஒளிக்கிறோம். இதற்குக் கௌரவம் என்றா பெயர்?

அந்தக் குழந்தை போட்ட கணக்கைக் கேளுங்கள். ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, கால் கப் கொக்கோப் பொடி, ஒரு சிறு கரண்டி ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றைச் சலித்துக்கொண்டு, கால் கப்புக்குச் சற்று அதிகமாக எண்ணெய், அரைக் கப் தயிர், முக்கால் கப் தண்ணீர். அவ்வளவுதான். தயிரின் புளிப்பும் சோடாவும் சந்தித்த உடனே கரியமில வாயு கிளம்புகிறது. ஆகையால் கலந்த மாவைக் காக்க வைக்கக் கூடாது. பரோட்டாவுக்குப் பிசைகிற மாதிரி போட்டு அடிக்கவும் கூடாது. பரோட்டாவுக்கு இழுவை வேண்டும். கேக்குக்கு இழுவை வந்தால் ரப்பர்தான். வெந்ததா என்று பார்க்கக் கழுவிய ஈர்க்குச்சி ஒன்று போதும். குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது.

பன்னிரண்டு வயதுப் பெண் இத்தனையும் தெரிந்துகொண்டு செய்திருக்கிறாள். அந்த வெடிப்பு? தீ சற்றுத் தூக்கலாக இருந்திருக்கும். மேல்தோல் முதலில் இறுகிவிட்டது. நடுவிலுள்ள மாவு பிறகு சூடேறி எழும்பியபோது அதைப் பிளந்துகொண்டு வந்தது. உள்ளே மாவு நன்றாக உப்பியிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? கடைக் கேக்கிலும் இப்படி எத்தனையோ வெடிப்பு விழத்தான் செய்யும். அங்கே மேட்டைச் சீவி எறிந்துவிட்டுக் கிரீமைப் பூசி விடுகிறார்கள்.

வியன்னா நகரத்தில் ஒரு கதை சொல்லுவார்கள். 1832இல் மெட்டர்னிக் என்ற பெரிய மந்திரியின் மாளிகையில் விருந்து. தலைமைச் சமையற்காரருக்கு உடம்பு சரியில்லை. பிரான்ஸ் ஸாக்கர் என்ற பதினாறு வயது எடுபிடிப் பையன் ஒரு சாக்லேட் கேக் செய்து வைத்தான். அதுதான் ஸாக்கர் டோர்ட்டே. பிற்காலத்தில் அவன் குடும்பப் பெயர் கொண்ட ஹோட்டலும் டெமல் என்ற மிட்டாய்க் கடையும், எது அசல் கேக் என்று கோர்ட்டு ஏறினார்கள். ஆப்ரிகாட் ஜாமை நடுவிலும் தடவ வேண்டுமா, மேல்பூச்சுக்கு அடியில் மட்டும் தடவினால் போதுமா என்பதுகூட வழக்கில் அடிபட்டது. 1963இல்தான் சமாதானம் ஆனார்கள். ஒரு பையன் செய்த கேக்குக்கு அந்த ஊரில் அவ்வளவு மரியாதை. நம் வீட்டில் ஒரு பெண் செய்ததற்குக் கிடைத்த மரியாதையைத்தான் சொன்னேனே.

எப்போதும் நாம் இப்படி இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் மூடிக் கிடந்தபோது, இதே என் தம்பி தன் மனைவி குக்கரில் செய்த கேக்கைப் படம் எடுத்து உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பினான். அதுவும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. "ஆஹா, பிரமாதம்!" என்று எல்லோரும் பதில் போட்டோம். கடை மூடியிருந்தபோது இருந்த பெருமை, கடை திறந்ததும் எந்தச் சந்துக்குள் போய் ஒளிந்துகொண்டது?

இந்த இடத்தில் வாசகிகளில் சிலர் என்னைக் கோபத்தோடு பார்ப்பது எனக்குத் தெரிகிறது. "உமக்கென்ன ஐயா, உட்கார்ந்த இடத்தில் எழுதுகிறீர். வீட்டில் செய் வீட்டில் செய் என்றால், செய்கிறவர்கள் யார்? ஏற்கெனவே முறுக்கும் அதிரசமும் சுட்டு முதுகு ஒடிந்தது போதாதா? கடை இருப்பதால்தான் விசேஷ நாளில் நாங்களும் ஒரு நல்ல புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்காருகிறோம்" என்கிறார்கள்.

சித்தப்பாவுக்கும் தம்பிக்கும் சுலபமாகப் பதில் சொன்ன நான் இதற்கு அப்படிச் சொல்ல முடியாது. இது நியாயமான கேள்வி. முடியாத அன்று கடையில் வாங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்த நியாயம் ஆண்களுக்குத்தான் உறைக்க வேண்டும். அதிரசப் பாகின் பதம் பார்க்க அநுபவம் வேண்டும், பாட்டி வேண்டும். கேக்குக்கு வேண்டியது ஓர் அளவுக் கப்பும் ஒரு கடிகாரமும். நாற்பது வயதுக்கு மேல் சமையற்கட்டில் நுழைகிற என் போன்ற மண்டூகங்களுக்கு இதைவிட ஏற்ற பண்டம் கிடையாது. வீட்டுப் பலகாரம் பெண்களுக்குப் பாரம் என்றால், அதற்கு மருந்து கடையில் மட்டுந்தான் இருக்கிறதா? பேப்பர் படித்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் எதற்கு?

அன்று இரவு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். கேக் வைத்த இடத்திலேயே இருந்தது. திருடன் மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்து நின்றபடியே தின்றேன். ஈரப்பதமாக, மிருதுவாக, இனிப்புக்குப் பின்னால் கொக்கோவின் லேசான கசப்போடு, வெகு நன்றாக இருந்தது. மறு நாள் விடியற்காலையில் அக்கா ஊருக்குக் கிளம்பினாள். குழந்தை கேக்கை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டாள். ஒரு துண்டு குறைந்திருப்பதைப் பார்த்தாளோ, இல்லையோ தெரியாது. "நான்தான் அம்மா தின்றேன், நன்றாயிருந்தது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி ஒரு கேக் தமக்காகச் செய்யப்பட்டது என்பதே அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

அடுத்த மாதம் அவருக்கு எண்பத்தொன்று. கொக்கோப் பொடி வாங்கி வைத்துவிட்டேன். "மாமா, தீயை மட்டும் குறைச்சு வையுங்கோ" என்று டெலிபோனில் எனக்கு உபதேசம் ஆகியிருக்கிறது. அக்காவும் குழந்தையும் முதல் நாளே வருகிறார்கள். அவள் சொல்லச் சொல்ல நான் செய்வதாக ஏற்பாடு. வெடித்தால் வெடித்தபடியே கூடத்து மேஜையில் நடுநாயகமாக வைப்போம். சித்தப்பாவின் ஜவ்வரிசிப் பாயசத்துக்கும் பக்கத்தில் இடம் உண்டு. இரண்டும் ஒரே சீமைக்காரர்கள் அல்லவா? பேசிக்கொண்டிருக்கட்டும்.