கூலிக்காரியின் கர்ப்பப்பை என்றால் கேள்வி முறை கிடையாதா?

மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லாவில் நடந்ததைக் கேளுங்கள். 2019-ல் சர்க்கார் கமிட்டி ஒன்று அங்கே கரும்பு வெட்டும் பெண்களை விசாரித்தது. 82,309 பேரில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை! ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் போடும் மேஸ்திரி ஒரு பக்கம். "விட்டால் புற்றுநோயாகிவிடும்" என்று பயமுறுத்திக் கத்தியை எடுத்த டாக்டர்கள் மறு பக்கம்.

நிஜமாகவே புற்றுநோய் வந்தாலும் உடனே கத்திதான் என்பதில்லை. கர்ப்பப்பையின் வாயில் வரும் நோயைச் சொல்லவில்லை. உள் படலத்தில் வருவதைச் சொல்கிறேன். அது படலத்தைத் தாண்டாமல், வீரியம் குறைந்ததாக இருந்தால், பிள்ளை வேண்டும் என்கிற பெண்ணுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே வைத்தியம் உண்டு. புரோஜெஸ்டின் மாத்திரை, அல்லது அந்த மருந்தை உள்ளேயே கசியவிடும் சாதனம். சில மாதத்துக்கு ஒருமுறை சதையெடுத்துச் சோதனை. பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் மறைகிறது. திரும்புவதும் உண்டு. ஆகவே பிள்ளை பெற்றபின் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

யாருக்கு இது பொருந்தும்? 2013-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த நோயை மரபணுக் கோளாறை வைத்து நான்கு ரகமாகப் பிரித்தார்கள். பி-53 மரபணு கெட்ட ரகமானால் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. மரபணுப் பிழையைத் திருத்தும் புரதம் இல்லாத ரகத்தில் மாத்திரை அவ்வளவாகக் கேட்பதில்லை. அது குடும்பத்தில் வருவதாகவும் இருக்கலாம், அக்கா தங்கையையும் பார்க்க வேண்டும். 2023-ல் சர்வதேச மகப்பேறு மருத்துவர் சம்மேளனம் நோயின் கட்டத்தைக் கணிக்கும் விதியிலேயே இதைச் சேர்த்துவிட்டது.

"இதெல்லாம் பணக்காரர் வைத்தியமப்பா" என்பார்கள். பொய்! ஏற்கெனவே எடுத்த சதைத்துண்டில்தான் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். குமாரபாளையத்துக்காரனுக்குச் சாயம் புதிதா? மேலே சொன்ன இரண்டு ரகங்களையும் பிடிக்கப் பெரும்பாலும் அதுவே போதும். 'போல்-இ' என்ற மரபணுவைப் படிப்பதுதான் செலவு. அதற்குச் சதைத்துண்டு சென்னைக்குப் போகட்டும். தறி ஓட்டும் பெண் ஏன் அலைய வேண்டும்?

சேலம், நாமக்கல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்த நோய் என்று தீர்மானமாகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சோதனை இலவசம் என்று உத்தரவு போடு! ரகம் தெரியும் முன் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துக் கேட்காதே! சோதனைக்கு வரும் நாளுக்குக் கூலி கொடு! மாத்திரையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்த நாளின் கூலியை வெட்டினால், தறியில் நிற்பவளும் களையெடுப்பவளும் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.