இறங்க ஓர் இடம்

கடுகண்ணாவையில் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகும் பஸ் வண்டியே தெரியாது. 2025 நவம்பரில் அங்கே மேடு சரிந்து கண்டி வீதி அடைபட்டது. அதே மாத இறுதியில் திட்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனையோ ஊர்களுக்கு வானம் ஒன்றே வழியாயிற்று. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்து நின்றவர்களில் இதை வாசிக்கும் குடும்பங்களும் இருக்கும். அந்த நாட்களை மனதில் வைத்தே மறைபணி விமானங்களைப் பற்றி எழுதுகிறோம்.

ஊழியத்துக்கு விமானமா, அது பணக்காரச் சபைகளின் ஆடம்பரம் அல்லவா? நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அருட்தந்தை போல் ஷுல்டேயின் வரலாறு அந்த எண்ணத்தை மாற்றியது. அவர் ஜேர்மனியர், முதலாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், 1847 முதல் இலங்கையில் பணிபுரியும் அமலமரித் தியாகிகள் சபையின் குரு. அவருடைய நண்பரான குரு ஒருவர் 1925இல் ஆபிரிக்காவில் காய்ச்சலால் இறந்தார். வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுபோக வாகனம் இருக்கவில்லை. அந்தத் துக்கத்தில் பிறந்ததே, மறைபணியாளருக்கு வாகனம் தேடிக்கொடுக்கும் 'மீவா' அமைப்பு. ஆண்டு 1927. 1938இல் கனடாவின் வடதுருவப் பகுதியில் நோயுற்றுக் கிடந்த குரு ஒருவரை ஷுல்டே தாமே பறந்து போய் மீட்டார்.

ஆனால் விமானம் இருந்தால் மட்டும் போதாது. பப்புவா நியூகினியின் மலைகளில் 'மிஷன் ஏவியேஷன் பெலோஷிப்' 1951 முதல் பறந்து வருகிறது. மருந்தும் வேதாகமமும் ஆசிரியரும் உள்ளே போக, பிரசவத்தில் தவிக்கும் தாயும் கோப்பி மூட்டையும் வெளியே வரும். ஓடுதளங்கள் பலவற்றை ஊரவரே மண்வெட்டி பிடித்து மலைச்சரிவில் வெட்டினார்கள். இறங்கும் விமானம் மேட்டை நோக்கி ஓடி வேகம் தணியும். கிளம்பும்போது பள்ளத்தை நோக்கி ஓடி வேகம் பிடிக்கும். புல் வளர்ந்து கிடந்தால், வடிகான் அடைபட்டு நிலம் சேறானால், விமானி இறங்கமாட்டார். எவ்வளவு கடுமையான நோயாளி காத்திருந்தாலும் அப்படித்தான். கோப்பி விற்ற காசில் ஒரு பங்கை விமானக் கூலி தின்றுவிடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நம் மலைகளில் தூரம் அத்தனை பெரிதல்ல. 1850களில் கண்டிப் பகுதித் தோட்டங்களுக்குத் தமிழ் உபதேசிமார் நடந்தே போனார்கள். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. சாதாரண நாளில் இங்கே மிஷன் விமானம் தேவையில்லை. அதற்கு நிதி திரட்ட யாராவது வந்தால் நாங்கள் ஆதரிக்கமாட்டோம். பாதை அடைபடும் அந்தச் சில நாட்களே நம் கவலை. அப்போது ஹெலிகொப்டர் எங்கே இறங்கும்?

தேயிலைச் சரிவில் இறங்காது. பிள்ளைகள் கிரிக்கெட் அடிக்கும் மைதானந்தான் மிச்சம். அதைச் சுற்றியுள்ள மரக்கிளைகளையும் குறுக்கே போகும் மின்கம்பிகளையும் மழைக்கு முன்பே பாருங்கள். இன்சுலின் போடுபவர் யார், மாதம் நிறைந்த கர்ப்பிணி யார் என்ற பட்டியல் கோயிலிலும் பன்சலையிலும் பள்ளிவாசலிலும் இருக்கட்டும், மாதந்தோறும் திருத்துங்கள். இடம்பெயர்ந்து புதிய காணிக்குப் போகவிருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு வார்த்தை. வீட்டுத் துண்டுகளை அளக்க வருகிறவர்களிடம் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். அதில் மைதானம் குறிக்கப்படாவிட்டால், கையெழுத்து வைக்கும் முன் கேளுங்கள்.