கயிற்றில் கட்டி இறக்கப்படுவது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் பாடம் நடக்கவில்லை. திருமானூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வீட்டில் குவிந்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் ‘அறம்’ ஓடிக்கொண்டிருந்தது. கோபி நயினார் இயக்கி 2017இல் வந்த படம். எத்தனை முறை போட்டாலும் உட்கார்ந்து பார்க்கிறோம். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில், மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணற்றில் ஒரு சிறுமி விழுகிறாள். எந்த வழியும் பலிக்காமல் போக, கடைசியில் அவளுடைய அண்ணனையே கயிற்றில் கட்டித் தலைகீழாக உள்ளே இறக்குகிறார்கள். சிறுமி பிழைக்கிறாள். மாவட்ட ஆட்சியராக வரும் நயன்தாரா விசாரணைக்கு ஆளாகிறார்.

படம் முடிந்தும் பிள்ளைகள் கலையவில்லை. கேள்விகளாகக் கொட்டினார்கள்.

“அண்ணே, நம்ம கொல்லையில போட்ட போர்ல என் தலையே நுழையாது. அந்தப் பையன் எப்படிண்ணே உள்ள போனான்?”

“தலைகீழா எவ்வளவு நேரம்ணே தொங்க முடியும்?”

“கயித்த இடுப்புல கட்டணுமா, கால்ல கட்டணுமா?”

“வெளிய வந்த பிறகு அந்தப் பையனுக்கு அரசாங்கம் ஏதாச்சும் குடுத்துச்சா?”

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மட்டும் கடைசியில் கேட்டாள்: “இதுவே பெரிய தெருப் பிள்ளை விழுந்திருந்தா, யார் வூட்டுப் பையன அண்ணே உள்ள இறக்கியிருப்பாங்க?”

திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். “சினிமான்னா அப்படித்தான் இருக்கும். ரொம்ப நோண்டக் கூடாது” என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை தோழர்களே. நோண்டத்தான் வேண்டும். கயிறு எங்கிருந்து வந்தது, குழியை யார் திறந்துபோட்டது, யார் இறங்கியது, இறங்கியவருக்கு என்ன கூலி? இந்தச் சில்லறைக் கேள்விகளுக்குள்தான் அரசியல் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் பிள்ளைகள் கேட்டதற்குப் பதில். வீட்டுக்கும் வயலுக்கும் போடும் போர் பெரும்பாலும் நாலரை அங்குலம் அல்லது ஆறரை அங்குல அகலம்தான். அதில் விழுவது அநேகமாகச் சின்னக் குழந்தைகள். பத்து வயதுப் பையன் அதற்குள் நுழையவே முடியாது. படத்துக்காகக் குழியை அகலமாக்கியிருக்கிறார்கள். தலைகீழாகத் தொங்கினால் ரத்தம் தலைக்கு இறங்கும். வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் நெஞ்சை அழுத்தி மூச்சு வாங்கும். அதிக நேரம் தாங்காது. கயிற்றை இடுப்பில் மட்டும் கட்டினால் அதுவே மூச்சை நெரிக்கும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எல்லாருக்கும் ஒரே ஊரின் நினைவுதான் வந்தது. மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டி. 2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. முதலில் சுமார் 26 அடியில் சிக்கியிருந்த குழந்தை, பிறகு நழுவி 88 அடி வரை போய்விட்டது. சில மீட்டர் தள்ளி இன்னொரு குழி தோண்டினார்கள். பாறை இறுகிக் கிடந்தது. பெரிய இயந்திரங்கள் வந்தும் மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. 27ஆம் தேதி தீபாவளி. தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் கிடந்தது. 29ஆம் தேதி அதிகாலை உயிரற்ற உடலைத்தான் எடுத்தார்கள்.

அந்த நான்கு நாளும் நாமெல்லாரும் பொறியாளர்களாகிவிட்டோம். ஏன் பாறையை உடைக்க முடியவில்லை, ஏன் அந்தக் கருவியைக் கொண்டுவரவில்லை என்று டீக்கடை டீக்கடையாகப் பேசினோம். 2014இல் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு குழந்தையை மதுரை மணிகண்டன் உருவாக்கிய கருவி உயிரோடு தூக்கியது. நடுக்காட்டுப்பட்டியில் அப்படிப்பட்ட முயற்சிகள் பலிக்கவில்லை. ஒவ்வொரு குழியின் அகலமும் வேறு, மண்ணும் வேறு, குழந்தையின் கை இருக்கும் நிலையும் வேறு.

ஆனால் நேரலை, குழந்தை விழுந்த பிறகுதான் தொடங்கியது. அதற்கு முந்தைய கதை திரைக்கு வரவில்லை. போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன நடக்கிறது? பல இடங்களில் கேசிங் பைப்பை உருவி எடுத்துவிடுவார்கள். அதற்கு விலை இருக்கிறது. குழிக்கு விலை இல்லை. மேலே ஒரு சாக்கையோ கல்லையோ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடன் வாங்கிப் போர் போட்டுத் தோற்ற சிறு விவசாயியிடம் மூடுவதற்கு மீண்டும் காசு எங்கே இருக்கிறது? இதைக் கண்காணிக்க வேண்டியது யார்? உச்ச நீதிமன்றம் 2010இலேயே வழிமுறை சொல்லிவிட்டது. போர் போடுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். சுற்றி வேலி, அறிவிப்புப் பலகை வேண்டும். குழாயைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்ட வேண்டும். வாயை இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும் அல்லது மூடி போட்டு முடுக்க வேண்டும். கைவிட்ட குழியை மண்ணும் கல்லும் போட்டு அடிமுதல் மேல்வரை நிரப்ப வேண்டும். இதற்கெல்லாம் ராட்சத இயந்திரம் தேவையில்லை. நாலு கூடை மண்ணும் ஒரு மூடியும் போதும். மூடி போடுவதைக் காட்ட எந்தக் கேமராவும் வராது, அவ்வளவுதான்.

இனி அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும். அப்பா கூலிக்குப் போகும் பண்ணையில் கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு சேற்றில் சிக்கிக்கொண்டது. “உன் பையன் ஒல்லியாத்தான இருக்கான், இறக்குடா” என்றார் பண்ணைக்காரர். என் இடுப்பில் வடக்கயிற்றைக் கட்டினார்கள். படியில்லாத கிணறு. கீழே போகப் போக வானம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியது. மேலே கயிற்றைப் பிடித்திருந்த அப்பாவின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. ஃபுட்வால்வை எடுத்துக்கொண்டு ஏறி வந்தேன். எனக்குத் தாகம். அதே கிணற்றின் வாளியை நான் தொடக் கூடாது. அந்த வீட்டம்மா தூக்கி ஊற்ற, இரண்டு கைகளையும் குவித்துக் குடித்தேன். கிணற்றுக்குள் நாங்கள் இறங்கலாம். கிணற்றில் நாங்கள் இறைக்கக் கூடாது. அன்றைக்கு அது எனக்கு விநோதமாகக்கூடத் தோன்றவில்லை.

இது பழைய கதை என்று நினைப்பவர்கள் 2023 நவம்பரை நினைத்துப் பாருங்கள். அன்றும் தீபாவளிதான். உத்தராகண்டில் சில்க்யாரா சுரங்கப் பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். பதினேழு நாள் நேரலை. அமெரிக்காவில் செய்த துளையிடும் இயந்திரம் உள்ளேயே உடைந்துபோனது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைக் கையாலேயே தோண்டி வழி செய்தவர்கள் ‘எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள்’ என்று அழைக்கப்பட்டவர்கள். 800 மில்லிமீட்டர் குழாய்க்குள் படுத்தபடி நுழைந்து, ஒருவர் குடைய, ஒருவர் மண்ணை அள்ள, இன்னொருவர் வண்டியில் ஏற்ற என்று முறைவைத்து வேலை செய்தார்கள். நவம்பர் 28 இரவு 41 பேரும் உயிரோடு வந்தார்கள்.

இந்தத் திறமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? நேரலை அதை அதிகம் விளக்கவில்லை. தில்லி மண்ணுக்கடியில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பதிக்கும் வேலை செய்கிறவர்கள் அவர்கள். பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களும். ஆபத்தானது என்பதால் எலிவளைச் சுரங்கத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இலேயே தடைசெய்திருந்தது. இயந்திரம் தோற்ற இடத்தில், தடைசெய்யப்பட்ட அந்தக் கைவேலையைத்தான் நாடு கூப்பிட்டது. மாலை போட்டார்கள், மாநில அரசு ஆளுக்கு 50,000 ரூபாய் அறிவித்தது. மூன்று மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், அந்தக் குழுவில் முன்னின்ற வகீல் ஹசனின் வீட்டை ஆக்கிரமிப்பு என்று சொல்லித் தில்லியில் இடித்தார்கள். ‘அந்தப் பையனுக்கு என்ன குடுத்தாங்க?’ என்று எங்கள் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

கேமராவே வராத குழி ஒன்றும் இருக்கிறது. செப்டிக் டேங்க். சாக்கடைத் தொட்டி. இதைத்தான் இந்தக் கட்டுரையை வாசிக்கும் தம்பி தங்கைகள் கவனமாகப் படிக்க வேண்டும்.

மீட்புப் படங்கள் நமக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்கின்றன: யாராவது விழுந்தால் துணிந்தவன் குதிப்பான், நல்லவன் இறங்குவான். செப்டிக் டேங்கில் இந்தப் பாடம் ஆளைக் கொல்லும். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கும். காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைக்கிறவர் சில மூச்சில் மயங்கிச் சரிவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். அவரைத் தூக்க மூன்றாமவர். செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் சாவு என்று படிக்கிறோமே, அதில் ஒருவர் வேலைக்கு இறங்கியவர். மற்றவர்கள் பல நேரம் காப்பாற்றப் போன தம்பியோ மகனோ கூட்டாளியோதான்.

யாராவது உள்ளே விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். வெளியிலிருந்து காற்றை உள்ளே செலுத்த வழி பாருங்கள். முறையான மீட்பு என்றால் மூச்சுக் கருவி, உடல்பட்டை, மேலே முக்காலி, அதில் சுற்றிய கம்பிவடம். அதைவிட முறையானது, எவரும் இறங்கவே தேவையில்லாதபடி லாரி வைத்து உறிஞ்சுவது.

2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. முதல்முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. அதன் விதிகள் நாற்பதுக்கும் மேற்பட்ட பாதுகாப்புக் கருவிகளைப் பட்டியல் போடுகின்றன. 2014இல் உச்ச நீதிமன்றம் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவ்வளவும் இருந்தும், 1993 முதலான சாவுக் கணக்கில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முன்னால் நிற்கிறது. இந்த வேலையில் இருப்பதாக ஒன்றிய அரசே 2024 வரை கணக்கெடுத்திருந்த சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். குழிக்குச் சாதி இல்லை. குழிக்குள் யாரை இறக்குவது என்பதற்குச் சாதி இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை அதைத்தான் கேட்டாள்.

ஆகவே தோழர்களே, அறம் மாதிரிப் படங்களைப் பாருங்கள். நானும் மறுபடி பார்ப்பேன். அந்த அம்மா கதறும் இடத்தில் மறுபடி அழுவேன். ராக்கெட் விடத் தெரிந்த நாட்டுக்குக் குழியிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கத் தெரியவில்லையே என்று அந்தப் படம் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்வியைத் திரைக்கு வெளியே நாம்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

எங்கள் படிப்பகத்தில் இந்த மாதத்துக்கு மூன்று வேலை எடுத்திருக்கிறோம். ஒன்று, பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பெரியவர் ஒருவரோடு தெருத்தெருவாகப் போய், வாய் திறந்து கிடக்கும் போர்களைக் கணக்கெடுக்கிறார்கள். எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். இரண்டு, திருமானூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளின் பட்டியல் இருக்கிறதா, எத்தனை மூடப்பட்டன, மூடியதை யார் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டார்? பத்து ரூபாய்ச் செலவு, முப்பது நாளில் பதில் தர வேண்டும். மூன்று, செப்டிக் டேங்க் வேலைக்குப் போகும் நம் அண்ணன்மாரிடம் உட்கார்ந்து பேசுவது. யார் கூப்பிடுகிறார்கள், எவ்வளவு தருகிறார்கள், கையில் என்ன கொடுத்து இறக்குகிறார்கள் என்று எழுதி வைப்பது. வேறு வேலைக்கும் மறுவாழ்வுக்கும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு என்று எடுத்துச் சொல்வது.

கொள்ளிடத்தில் மணல் குவாரி வேண்டாம் என்று போராடிய ஊர் இது. ஆற்றில் தோண்டிய பள்ளத்துக்குக் கேள்வி கேட்டவர்கள், தெருவில் கிடக்கும் பள்ளத்துக்கும் கேட்கலாம்.

கணக்கெடுப்பு நோட்டில் முதல் பக்கத்தை அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைதான் எழுதினாள். இடம், யாருடைய நிலம், அகலம், மூடி இருக்கிறதா என்று நாலு கட்டம் போட்டிருந்தோம். அவளாக ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டாள்: ‘இதில் விழுந்தால் யாரை இறக்குவார்கள்?’ அந்தக் கட்டத்தை நாங்கள் அழிக்கவில்லை.

ஜெய்பீம்.