துணைக்கு வரும் அரசு, விசாரணைக்கு வராதா?

கனடா நிறுவனம் ஒன்று அயல்நாட்டில் சுரங்கம் தோண்டி ஊராரின் நிலமும் நீரும் பாழானால், தட்டிக்கேட்க வேண்டியது அந்த நாட்டு அரசுதான், ஒட்டாவாவுக்கு அதில் என்ன வேலை என்பது படித்தவர்களிடமும் ஊறிப்போன எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டாவா எப்போது விலகி நின்றது? அரசின் ஏற்றுமதிக் கடன் கழகம் பணம் தருகிறது. தூதரகம் அமைச்சர்களின் கதவைத் திறந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக முதலீட்டைக் காக்கும் ஒப்பந்தங்கள். 2011இல் பெருவின் புனோ பகுதியில் ஐமாரா மக்கள் கிளர்ந்தெழுந்ததும், சாந்தா அனா வெள்ளிச் சுரங்கத்துக்குத் தந்த அனுமதியை அந்நாட்டு அரசு திரும்பப் பெற்றது. பேர் கிரீக் என்ற கனடா நிறுவனம் இரு நாட்டு வணிக ஒப்பந்தத்தைக் காட்டிப் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. பெரு 1.8 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று 2017இல் தீர்ப்பானது. இத்தனைக்கும் அந்தச் சுரங்கம் வெட்டப்படவே இல்லை. நிறுவனத்துக்கு இப்படியொரு மன்றத்தைத் திறந்துவிட்ட ஒப்பந்தம், ஐமாரா விவசாயி அதே நிறுவனத்தின் மேல் வழக்குப் போட அங்கே இடம் வைக்கவில்லை.

உள்ளூர் நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். எரித்ரியாவின் பிஷா சுரங்கத்தைப் பாருங்கள். அதில் 60 விழுக்காடு வான்கூவரின் நெவ்சன் நிறுவனத்திடம் இருந்தது, மீதி எரித்ரிய அரசிடம். கட்டாய தேசியப் பணி என்ற பெயரில் அங்கே அடிமைகளாக வேலை வாங்கப்பட்டோம் என்று, தப்பி வந்த சிலர் 2014இல் கனடாவில் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது; வழக்கை எரித்ரியாவிலேயே நடத்தட்டும் என்றும் வாதாடியது. 1993இல் விடுதலை பெற்றதிலிருந்து ஒரு தேசியத் தேர்தல்கூட நடக்காத நாடு அது; ஆளைப் பிடித்துப் பணிக்கு அனுப்புவதும் அரசு, சுரங்கத்தில் பங்காளியும் அதே அரசு. வழக்கு நடக்கலாம் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் பெரும்பான்மையாக முடிவு செய்தது. அதே ஆண்டு சமரசம் ஆகிவிட்டதால் உண்மை எது என்று விசாரிக்கப்படவே இல்லை, அது இழப்புதான். தூத்துக்குடிக்கு நன்கு தெரிந்த வேதாந்தாவும் இதே வாதத்தை லண்டனில் வைத்துத் தோற்றது. சாம்பியாவின் செப்புச் சுரங்கக் கழிவால் தங்கள் ஆறு கெட்டது என்று வந்த 1,826 பேருக்கு அவர்கள் நாட்டில் உருப்படியான நீதி கிடைக்க வழியில்லை என்று கண்டு, வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்றது பிரிட்டன் உச்ச நீதிமன்றம். அது 2019இல்.

பிற நாட்டு மண்ணில் கனடாச் சட்டத்தை ஓடவிடுவது புதிய காலனியம் என்ற மறுப்பைத்தான் நான் மதிக்கிறேன். காலனியத்தில் அடிபட்டவர்களும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் இங்கே கனடா கட்டுப்படுத்துவது பெருவையோ எரித்ரியாவையோ அல்ல, தான் பதிவு செய்துகொடுத்த நிறுவனத்தை. அயல்நாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்தால் சொந்த நாட்டிலேயே தண்டனை என்று 1998இல் கனடா சட்டம் இயற்றியபோது யாரும் அதைக் காலனியம் என்று சொல்லித் தள்ளிவிடவில்லை. லஞ்சத்துக்கு எல்லை தாண்டும் சட்டம் கட்டாய உழைப்புக்கு மட்டும் எல்லையிலேயே ஏன் நின்றுவிட வேண்டும்? 2010இல் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்த சி-300 மசோதா அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. புகார் உண்மையானால் அரசுக் கடனையும் தூதரக ஆதரவையும் நிறுத்தலாம் என்றது, அவ்வளவே. 140க்கு 134 என்ற வாக்கில் அதுவும் தோற்றது. இத்தகைய புகார்களை விசாரிக்க 2019இல் ஒரு குறைதீர்ப்பாளரை நியமித்தார்கள். சாட்சிகளையும் ஆவணங்களையும் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் அதிகாரத்தை மட்டும் அவருக்குத் தரவில்லை.

கெடுபிடி செய்தால் நிறுவனங்கள் ஓடிவிடும், அந்த இடத்துக்குச் சீனர்கள் வருவார்கள் என்பது மிச்சமுள்ள வாதம். சிலர் ஓடலாம், மறுக்கவில்லை. ஆனால் டொராண்டோ பங்குச் சந்தையில் திரளும் சுரங்க மூலதனமும் அதன் பட்டியலில் இருப்பதால் கிடைக்கும் மதிப்பும் வேறிடத்தில் எளிதில் கிடைப்பவையல்ல. தவிர, 2018 கடைசியில் சீனாவின் ஜிஜின் நிறுவனம் நெவ்சனை வாங்கிவிட்டது. எரித்ரியர்களின் வழக்கு அதனால் நின்றுபோகவில்லை. வான்கூவரில் பதிவான நெவ்சன் கனடா நீதிமன்றத்தில் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, சமரசப் பணம் கொடுக்கும்வரை.