திண்டுக்கல் கொடுத்தது, தேனி பெற்றது

தமிழ்நாடு அரசு 2007இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்கள் இரண்டு: தேனி, தஞ்சாவூர். பரிசோதனை எளிமையானது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாற்றம் கண்ட இடம் வெளுத்துத் தெரியும். பெரிய ஆய்வகம் வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியர் போதும். போடி மலையடிவாரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு நாள்கூலியாகப் போகும் பெண்ணுக்கும் எட்டக்கூடிய பரிசோதனை இது.

இந்த எளிய முறை உயிரைக் காக்கிறது என்பதை உலகுக்கு உறுதிசெய்தது பக்கத்து மாவட்டமான திண்டுக்கல். மருத்துவ ஆய்வில் பங்கேற்பவர்களுக்கு நாம் தரும் பாதுகாப்பு எவ்வளவு கனமானது என்று எடைபோட, இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்குக் கிடைக்காது.

83ம் 92ம்

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவை சேர்ந்து 2000இல் திண்டுக்கல்லில் தொடங்கிய ஆய்வு அது. கேட்ஸ் அறக்கட்டளை நிதி தந்தது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள் வாழும் கிராமப் பகுதிகள் 114 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. குலுக்கல் முறையில் 57 தொகுதிகள் பரிசோதனைக்கு ஒதுக்கப்பட்டன. மீதி 57 தொகுதிகள் ஒப்பீட்டுக்கு. முதல் பிரிவில் 49,311 பெண்கள். இரண்டாவதில் 30,958 பெண்கள். இவர்களுக்கு அந்தப் பரிசோதனை இல்லை, வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே.

முடிவு 2007 ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. பரிசோதனைப் பிரிவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 83 பேர். ஒப்பீட்டுப் பிரிவில் 92 பேர். ஆள்கணக்கில் சிறிய பிரிவில்தான் அதிக மரணம். உரிய முறையில் கணக்கிட்டால், பரிசோதனையால் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஏழை நாடுகளின் புற்றுநோய்த் தடுப்புக் கொள்கைக்கே வலுச்சேர்த்த முடிவு இது.

அந்த 92 பேர் பற்றிய கேள்வி பிறகு எழுந்தது. மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று இடங்களிலும் நடந்த இத்தகைய ஆய்வுகளில், பரிசோதனை தரப்படாத பிரிவுகளில் 254 பெண்கள் இந்த நோயால் இறந்ததை அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் எரிக் சூபா 2014இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ்’ இதழில் கேள்விக்கு உட்படுத்தினார். பரிசோதனை செய்தால் இறப்பு குறையும் என்பது மேலை நாடுகளில் பல ஆண்டுகளாகத் தெரிந்த உண்மை. அப்படியிருக்க, பரிசோதனையே இல்லாத ஒரு பிரிவு எதற்கு என்பது விமர்சகர்களின் வாதம். ஆய்வாளர்கள் தரப்பில் சொல்லப்பட்ட பதில்: மேலை நாட்டு ‘பாப் ஸ்மியர்’ முறையை நம் கிராமங்களில் நடத்த வழியில்லை; அசிட்டிக் அமில முறை பலன் தருமா என்பது அதுவரை நிரூபிக்கப்படவில்லை; ஆய்வு நடக்காவிட்டாலும் அந்தப் பெண்களுக்குப் பரிசோதனை கிடைத்திருக்காது.

கடைசியில் சொன்ன காரணம்தான் நம்மை உறுத்த வேண்டும். அது பொய்யில்லை, முழுக்க உண்மை. அரசு மருத்துவ வசதி எட்டாத இடத்தில், அந்த இல்லாமையே ஆய்வுக்கு மூலதனமாகிவிடுகிறது. வசதி இருக்கும் ஊரில் இப்படி ஒரு ஒப்பீட்டுப் பிரிவை யாரும் உருவாக்க முடியாது. ஆய்வாளர் எதையும் பறிக்கவில்லை; பறிக்க அங்கே எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

வறுமையைப் பயன்படுத்தாமல் ஆய்வே நடக்காதா என்றால், நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, சானடோரியத்தில் படுக்க வைத்துச் சிகிச்சை தருவதையும் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுவதையும் ஒப்பிட்டது. இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகள்தான். வீட்டு நோயாளிகளின் குடும்பத்தாரையும் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டுச் சிகிச்சை சளைத்ததல்ல என்று தெரிந்தது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மாறியது. சிகிச்சையே இல்லாத பிரிவு என்று ஒன்று அங்கே தேவைப்படவில்லை.

கையெழுத்து யாருடையது?

அம்பிளிக்கைக்கு இன்னொரு கதையும் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசியை மூன்று தவணைக்குப் பதில் இரண்டு தவணை போட்டால் போதுமா என்று அறிய, 2009இல் இந்தியாவில் 9 மையங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையும் அதில் ஒன்று. அதே சமயம் ‘பாத்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வடோதரா மாவட்டங்களில் வேறொரு தடுப்பூசித் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. அதில் பங்கேற்ற சிறுமிகள் 7 பேர் இறந்ததாகச் செய்தி வர, 2010 ஏப்ரலில் மத்திய அரசு தடுப்பூசி போடுவதை நிறுத்தியது. மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. ஆனால், அனுமதி பெற்ற விதம் அம்பலமானது. கம்மத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948இல் வெறும் கைநாட்டு. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் தந்த அறிக்கையில் இதைக் கடுமையாகச் சாடியது.

கம்மத்தில் நடந்த தவறுக்கு அம்பிளிக்கை ஆய்வும் பாதியில் நின்றது. பல ஆயிரம் சிறுமிகள் ஒரே தவணையோடு விடப்பட்டார்கள். அவர்களை ஆய்வாளர்கள் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோது எதிர்பாராத உண்மை தெரிந்தது: ஒரு தவணையே ஏறக்குறைய அதே அளவு பாதுகாப்புத் தருகிறது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றைத் தவணையை ஏற்றுக்கொண்டதற்கு வலுவான ஆதாரங்களுள் இதுவும் ஒன்று. தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசி போட ரூ.36 கோடி அறிவித்தபோதும், அதன் பின்னே இந்தச் சிறுமிகளின் பங்கு இருந்தது.

ஆக, இரண்டு முறை அம்பிளிக்கை வட்டாரத்துப் பெண்கள் உலகுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை, பரிசோதனை கிடைக்காமல் இருந்து. மறுமுறை, திட்டம் குலைந்தபோது நடுவில் நின்று. நம் சட்டம் இவர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறதா?

சட்டம் எட்டும் தூரம்

2005 முதல் 2012 வரை 475 புதிய மருந்துகளின் சோதனைகளில் 2,644 பேர் இறந்தார்கள் என்றும், அவற்றில் 80 மரணங்களுக்கே சோதனை காரணம் என்றும் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இந்தூரைச் சேர்ந்த ‘ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச்’ தொடுத்த அந்த வழக்கும் அதைத் தொடர்ந்த திருத்தங்களும்தான் 2019 மார்ச்சில் வந்த ‘புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதி’களுக்கு அடித்தளம்.

காகிதத்தில் அவை நல்ல விதிகள். அறநெறிக் குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும். பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவம் சாராத பொது ஆள் ஒருவரும் பெண் ஒருவரும் கட்டாயம். எழுதப்படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கினால், சார்பற்ற சாட்சி ஒருவர் தொடக்கத்திலிருந்து முடிவுவரை உடனிருக்க வேண்டும். நலிந்த பிரிவினர் புதிய மருந்துச் சோதனையில் சேர்ந்தால், ஒப்புதல் பெறும் நடைமுறையை ஒளி, ஒலிப் பதிவு செய்ய வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம்.

ஒப்புதல் படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெயர், முகவரி, படிப்பு, தொழில், ஆண்டு வருமானம். அதன்பின் வாரிசுதாரர் பெயர். சோதனையால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்கான இடம் அது. மையமாகச் சிரித்துக்கொண்டு “சும்மா ஒரு சைன் போடுங்கம்மா” என்று நீட்டப்படும் தாளில் இப்படி ஒரு வரி இருக்கிறது. இழப்பீட்டைக் கணக்கிடும் சூத்திரமோ வருமானத்தைப் பார்ப்பதே இல்லை. 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் மட்டும் பெருக்குகிறது. ஆரோக்கியமான 40 வயதுத் தன்னார்வலர் சோதனையால் இறந்தால் இழப்பீடு 59 லட்சம் ரூபாயைத் தாண்டும்; தோட்டத் தொழிலாளிக்கும் தோட்ட முதலாளிக்கும் அதே தொகை. கூலியை வைத்து உயிரை விலைபேசும் நாட்டில் இது சாதாரண விஷயமல்ல.

ஆனால், இந்தச் சூத்திரம் புதிய மருந்துச் சோதனைக்குத்தான். திண்டுக்கல்லில் நடந்ததுபோல ஒரு பரிசோதனை முறையை மக்களிடம் சோதிக்கும் பொதுச் சுகாதார ஆய்வு இன்று நடந்தால், அது பதிவுபெற்ற அறநெறிக் குழுவுக்கும் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறைகளுக்கும் கட்டுப்படும். இந்த இழப்பீட்டுக் கணக்கு அதற்குப் பொருந்தாது. மருந்துச் சோதனையிலும்கூட, போலி மருந்து பெற்றவருக்கு இழப்பீடு கேட்க வேண்டுமானால், முறையான சிகிச்சை கிடைக்கக்கூடியதாக இருந்தும் தரப்படவில்லை என்று காட்ட வேண்டும். சிகிச்சை கிடைக்காத ஊரில் இருப்பவர் எதைக் காட்டுவார்?

பொட்டிபுரத்திலிருந்து பார்த்தால்

தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்துக்கு அறிவியலோடு வழக்காடிய அனுபவம் உண்டு. அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும், “எங்களைக் கேட்டீர்களா?” என்ற கேள்வி ஊரிலிருந்து தீர்ப்பாயம்வரை, அங்கிருந்து உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்தத் திட்டம் சரியா, தவறா என்பது வேறு விவாதம். மலையைத் தொட்டால் ஊர் கூடும், கட்சிகள் வரும், வழக்கறிஞர் கிடைப்பார். மருத்துவ ஆய்வில் தொடப்படுவது ஒரு தனி உடம்பு. அங்கே கேட்க வருபவர் வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர். மறுக்கும் முழு உரிமையும் ஒற்றை ஆளிடம் இருக்கிறது. துணைக்கு யாரும் இல்லை.

விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி, இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்பும் பெண் ஒருவர், மதுரையில் நடக்கும் சோதனை ஒன்றில் சேர்கிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போவதும் ஒருநாள் கூலி. அந்தக் கூலியையும் பஸ் காசையும் தருவது நியாயம், விதிகளும் தடுக்கவில்லை. ஆனால், ‘அதிகம் கொடுத்தால் ஆசை காட்டியதாகிவிடும்’ என்ற பயத்தில், பல நேரம் கைக்காசு செலவழியும் அளவுக்கே கிடைக்கிறது. ஆசை காட்டக் கூடாது என்பதற்காக நட்டப்பட வைப்பது அறமாகாது.

தோட்டத்தில் மதியம் அவருக்குத் தலைசுற்றுகிறது, குமட்டுகிறது. பூப்பாறை பக்கம் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிறார்கள். அவர் ஒரு சோதனையில் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. கடும் பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மதுரையில் இருக்கும் ஆய்வு மருத்துவருக்கு முதலில் செய்தி எட்ட வேண்டுமே! எட்டிய பிறகும் ஒரு சிக்கல். ஏலச்செடி பூச்சிமருந்து அதிகம் அடிக்கப்படும் பயிர். தலையைச் சுற்ற வைத்தது சோதனை மருந்தா, செடிக்கு அடித்த மருந்தா? முடிவு எந்தப் பக்கம் சாய்கிறதோ, இழப்பீடும் அந்தப் பக்கம் போகும். 2,644க்கும் 80க்கும் நடுவே உள்ள இடைவெளி இப்படிப்பட்ட தீர்மானங்களால்தான் நிரம்பியிருக்கிறது. அவற்றில் பல சரியாகவே இருக்கலாம். ஆனால், சந்தேகம் தீராத இடத்தில் அதன் பலன் பங்கேற்றவருக்குப் போக வேண்டும் என்று விதியே சொல்ல வேண்டும்.

மருத்துவ ஆய்வே வேண்டாம் என்பவர்கள், இன்று தாங்கள் விழுங்கும் மாத்திரையை யாரோ முன்பு விழுங்கிப் பார்த்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆய்வு வேண்டும். செய்ய வேண்டியவையும் எட்டாக்கனிகள் அல்ல. ஒப்பீட்டுப் பிரிவில் விழுந்தால் எனக்கு எது கிடைக்காது, ஆய்வு முடிந்ததும் அது எப்போது கிடைக்கும் என்ற கேள்விக்கான பதில் படிவத்தின் முதல் பக்கத்தில், பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும். அறநெறிக் குழுவின் பொது ஆள், ஆய்வு நடக்கும் வட்டாரத்து உழைக்கும் மக்களிலிருந்து வர வேண்டும். சோதனையில் இருப்பவர் கையில், எந்த மாநில மருத்துவரும் பார்த்தவுடன் அழைக்கக்கூடிய எண்ணோடு ஓர் அட்டை இருக்க வேண்டும். பொதுச் சுகாதார ஆய்வுகளையும் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒப்பீட்டுப் பிரிவினருக்கு, நிரூபணமான அந்த வசதியை முதலில் தரும் பொறுப்பை நிதி தந்தவரும் அரசும் ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் ஏற்க வேண்டும்.

கையெழுத்து வாங்குவது ஆய்வை நடத்துபவரைக் காப்பாற்றும். பங்கேற்றவரைக் காப்பாற்றுவது, ஆய்வு முடிந்த பிறகும் அவரிடம் பட்ட கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது. திண்டுக்கல் பெண்களிடம் தேனி பட்ட கடனை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதி வைக்கவில்லை. அடுத்த ஆய்வு தேனியில் நடந்தால், அதன் பலன் வேறு மாவட்டத்துக்குப் போகுமுன் தேனிக்குக் கிடைக்கும் என்ற உறுதியைக் கேட்கும் உரிமை இங்குள்ளவர்களுக்கு உண்டு.