“தெரியாது” என்பது தோல்வியா?

விளங்காத சங்கதி ஒன்று கண்ணில் பட்டால் மதவாதி என்ன செய்கிறான்? உடனே அதற்கொரு பெயர் வைத்து, கதை கட்டி, கேள்வி கேட்டவனை நாஸ்திகன் என்கிறான். விஞ்ஞானி என்ன செய்கிறான் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தைப் பாருங்கள்.

நியூட்ரினோ என்பது கோடானுகோடியாய் நம் உடலை ஊடுருவிப் போகும் மின்னேற்றமற்ற நுண்துகள். அதில் எலெக்ட்ரான், மியூவான், டௌ என மூன்று வகை உண்டு. சிக்காகோ நகருக்கருகிலுள்ள ஃபெர்மி ஆய்வுக்கூடத்தார், சுமார் 800 டன் எண்ணெய் நிரப்பிய ‘மினிபூன்’ என்னும் உருண்டைத் தொட்டியை 2002-ல் அமைத்து, மியூவான் வகையை அதற்குள் செலுத்தினார்கள். குறைந்த சக்தியில், எலெக்ட்ரான் வகை வந்ததுபோன்ற குறிகள் கணக்குக்கு மேல் தோன்றின. 2007-ல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். 2020-ல் செய்த கணக்கின்படி அந்த மிகுதி சுமார் 638.

நாலாவதாக ‘மலட்டு நியூட்ரினோ’ என்று ஒன்று இருக்கலாம் எனப் பலர் யூகித்தார்கள். ருஜுவானால் உலகப் புகழ்தான். ஆனால் எலெக்ட்ரான் தரும் ஒளியையும் காமாக் கதிர் தரும் ஒளியையும் பிரித்தறியும் யோக்கியதை தங்கள் தொட்டிக்கு இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே அதைப் பிரித்தறியக்கூடிய, திரவ ஆர்கான் நிரப்பிய ‘மைக்ரோபூன்’ கருவியை 2015-ல் ஓட்டத் தொடங்கினார்கள். தங்கள் ஆசை கணக்கில் புகுந்துவிடாதிருக்க, ஆராயும் முறையை முடிவு செய்யும் வரையில் முக்கிய எண்ணிக்கைகளைத் தாங்களே பாராமல் மூடி வைத்தார்கள். 2021-ல் திறந்து பார்த்தால் எலெக்ட்ரான் மிகுதி இல்லை. காமாக் கதிர் எழக்கூடிய முக்கிய வழி ஒன்றைத் தேடியதில் அங்கும் இல்லை. 2025-ல், ஒற்றை மலட்டு நியூட்ரினோ என்ற யூகமும் 100-க்கு 95 பங்கு நிச்சயத்துடன் தள்ளப்பட்டது.

அப்படியானால் அந்த 638 குறிகள் எவை? இன்னும் தெரியாது. 2024-ல் அதே கற்றையில் எஸ்.பி.என்.டி. என்ற மற்றொரு கருவியும் வேலை தொடங்கியிருக்கிறது.

“பார்த்தீர்களா! உங்கள் விஞ்ஞானம் தோற்ற இடத்தில்தான் கடவுள் இருக்கிறார்” என்று பக்தர்கள் குதிக்கலாம். நாம் கேட்கிறோம்: தன் வேதம் தப்பாயிருக்குமோ என்று சோதிக்க எந்த மடாதிபதியாவது ஒரு தம்படி செலவழித்ததுண்டா? இவர்களோ தங்கள் சொந்த யூகத்தைப் பொய்யாக்கக்கூடிய கருவியைத் தாங்களே கட்டினார்கள்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. “விஞ்ஞானம் சொல்லிவிட்டது” என்பதற்காகவே ஒன்றை நம்புவதும் மூடநம்பிக்கைதான். எப்படிச் சோதித்தார்கள், எங்கே தவறக்கூடும் என்று கேட்பதே பகுத்தறிவு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவது வெட்கமல்ல. தெரியாததைத் தெரியுமென்று சொல்லி வயிறு வளர்ப்பதே வெட்கம்.