காதி பதவியும் சீர்திருத்தமும்

ராகலைக் கடைவீதியில் வாழும் முஸ்லிம் பெண்ணொருத்தி தன் பிள்ளைக்குத் தாபரிப்புக் கோர விழைந்தால், அயலிலுள்ள தமிழ்ப் பெண்ணைப் போன்று நீதவான் நீதிமன்றுக்கு நேரே செல்ல இயலாது. அவளுக்குத் திறந்துள்ள வாயில் காதி நீதிமன்று ஒன்றே. அங்கு அவள் சார்பிற் சட்டத்தரணி தோன்றச் சட்டம் இடந்தராது. விசாரிப்பவர் சட்டம் பயின்றிருத்தல் வேண்டும் என்ற நியதியும் இல்லை. நல்லொழுக்கமும் அந்தஸ்தும் தக்க தேர்ச்சியும் உடைய முஸ்லிம் ஆணாயிருத்தல் போதும் என்கிறது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்.

இதனைத் திருத்துக எனின், மார்க்கத்திற் கைவைக்காதீர் என்ற கூக்குரல் எழுகின்றது. காதி என்னும் பெயர் இஸ்லாமிய வரலாற்றில் மிகப் பழையது, மறுப்பாரில்லை. ஆயின் இலங்கைக் காதியின் இன்றைய அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து. அதுவும் நடைமுறைக்கு வந்தது 1937இலேதான். அவரை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. அவர் விதித்த தாபரிப்பைக் கணவன் கொடாதுவிடின், அறவிடுவதற்கு நீதவானின் துணை வேண்டும். அரசு ஆக்கிய பதவியை அரசு சீர்செய்தல் மட்டும் மதத்துரோகமாவது எங்ஙனம்? இந்தோனேசியா 1989இலேயே மத நீதிமன்ற நீதிபதிகளுக்குப் பட்டக் கல்வியை விதித்தது. மலேசியா 2010இற் பெண்களை ஷரீஆ நீதிபதிகளாக நியமித்தது. அந்நாட்டு முஸ்லிம்கள் மார்க்கத்தை இழந்துவிட்டனரா?

இங்கோ, 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018இல் அறிக்கை கையளித்தபோது, பெண் காதியாகலாமா என்ற வினாவில் இரண்டாகப் பிளவுண்டு நின்றது. ஒன்பது ஆண்டுகள்! அதற்குள் தாபரிப்புக்கு அலைந்த தாயரின் பிள்ளைகள் பள்ளிப்படிப்பையே முடித்திருப்பர்.

மறுதரப்பாரும் குற்றமற்றவரல்லர். 2021 மார்ச்சில் காதி நீதிமன்றை அறவே ஒழிக்க அமைச்சரவை தீர்மானித்தது. கண்டியச் சட்டப்படி மணந்தோரின் விவாகரத்தை மாவட்டப் பதிவாளரே வழங்குகின்றார். அதனை ஒழிக்குமாறு அத்துணை உரத்த குரல் எழக் காணோம். முஸ்லிம்மீது ஐயம் மிகுந்த காலத்திற் பிறந்த அத்தீர்மானத்தைச் சீர்திருத்தம் என அழைத்தல் பொருந்தாது. காதியை ஒழித்தால் விவாகரத்துக்கு அப்பெண் மாவட்ட நீதிமன்றுக்கே செல்வாள். அங்குள்ள தாமதத்தையும் சட்டத்தரணியின் கட்டணத்தையும் தாங்குவது யார்?

காதிக்குச் சட்டக் கல்வியும் உரிய சம்பளமும் வேண்டும். பதவி பெண்களுக்கும் திறத்தல் வேண்டும். விரும்புவோர் சட்டத்தரணியை அமர்த்தவும் இடமிருத்தல் வேண்டும். இவற்றுக்குப் புதிய குழு எதுவும் வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் சில பிரிவுகளைத் திருத்தினாற் போதும்.